இடுப்புக்குள் ஒரு கிண்ணம்

பாட்டிக்கு இடுப்பு மூட்டை மாற்ற வேண்டுமென்றால், வீட்டார் கேட்கும் முதல் கேள்வி: "எத்தனை வருஷம் உழைக்கும், டாக்டர்?"

பதில், உலோகப் பந்து சுழலும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தில், ரைட்டிங்டன் ஆஸ்பத்திரி டாக்டர் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லானில் கிண்ணம் செய்தார. வழுவழுப்பு அபாரம், ஆயுளோ அற்பம்! சில வருஷங்களிலேயே தேய்ந்தது. உதிர்ந்த தூள் சுற்றியிருந்த சதையைக் கெடுத்தது. பாவம், நோயாளிகளுக்கு மறுபடியும் ஆபரேஷன்! அந்தத் தூளைத் தம் தொடையிலேயே செலுத்திச் சோதித்தார் சார்ன்லி.

1962-ல், நெசவாலைப் பற்சக்கரங்களுக்கான பாலிஎதிலீன் துண்டு ஒன்று வந்தது. "உதவாது" என்று ஒதுக்கினார் டாக்டர். உதவியாளர் ஹாரி கிரேவன் விடவில்லை, இயந்திரத்தில் இட்டார். மூன்று வாரத் தேய்மானம், டெஃப்லானின் ஒருநாள் தேய்மானத்துக்குக்கூட ஈடாகவில்லை!

இன்று, கதிர்வீச்சால் உறுதியாக்கிய பாலிஎதிலீன் கிண்ணங்கள் பெரும்பாலும் இருபது வருஷம் தாண்டியும் உழைக்கின்றன. பாட்டி தாராளமாகக் கோவில் பிராகாரம் சுற்றலாம்!