கத்திக்கு என்ன பெயர் வைக்கலாம்?

இறகுப் பேனாவின் முனையைச் சீவியதால் அது பேனாக்கத்தி. இறகு போய் எத்தனையோ காலமாயிற்று, பெயர் நிற்கிறது. எழுத உட்கார்ந்த ஒருவரின் மேஜையை நினைவூட்டும் பெயர். மடக்குக் கத்திக்கு இதைவிட நல்ல பெயர் எனக்குத் தெரியாது.

சுவிட்சர்லாந்தின் இபாக் கிராமத்தில் 1884-ல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்ஸ்னருக்கும் பெயர் வைக்கும் இந்த நுட்பம் தெரிந்திருந்தது. 1891-ல் ராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுத்தவர்தான். ஆனாலும் அடுத்து வந்தவற்றில் சிலவற்றுக்கு மாணவர் கத்தி, உழவர் கத்தி என்று பெயரிட்டார். 1909-ல் தாய் விக்டோரியா மறைந்ததும் அவர் பெயரையே தன் சரக்குக்குச் சூட்டினார். 1921-ல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ சேர, விக்டோரினாக்ஸ் பிறந்தது. பெற்றவளின் பெயர் தாங்கிய கத்தியை ஆத்திரத்தில் ஓங்க யாருக்கு மனம் வரும்? இன்றும் அந்த நிறுவனத்தின் கத்திகள் பல கேம்பர், க்ளைமர், ஃபார்மர் என்று பயன்படுத்துபவரைச் சொல்லியே விற்கின்றன.

பிரான்ஸின் ஒபினெல் கத்திகளுக்குப் பெரும்பாலும் வெறும் எண்கள்தான். எட்டாம் எண்ணை விரித்து, கழுத்திலுள்ள உலோக வளையத்தைத் திருப்பினால் அலகு அசையாமல் நிற்கும். சிறுவர்களுக்கான கத்தியின் முனை மழுங்கலாக, உருண்டையாக இருக்கும். அதன் பெயர் ‘என் முதல் ஒபினெல்’. பொறுப்போடு பழகு என்று பிள்ளையிடம் சொல்லும் பெயர் அது.

எதிர்ப்பக்கமும் உண்டு. சண்டைக்கு ஏற்றது என்று தோன்றும்படி கத்தியை விற்பது பிரிட்டனில் 1997-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கத்திக்கு வைக்கும் பெயரே அப்படித் தோன்றச் செய்யலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 2016-ல், வன்முறைக்கானது என்று உணர்த்தும் சொல்லோ படமோ பொறித்த ‘ஸோம்பி’ கத்திகளின் விற்பனைக்குத் தடை வந்தது. சொல்லையும் படத்தையும் நீக்கிவிட்டு அதே மாதிரிக் கத்திகளை விற்றார்கள். 2024 செப்டம்பர் 24 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

அப்படியானால் பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பெயரை மாற்றினால் கூர் மழுங்காது, உண்மைதான். ஆனால் எந்தப் பையன் எந்த நினைப்போடு கடைக்கு வருகிறான் என்பதைப் பெயர் முடிவுசெய்கிறது. கொலையைப் பெயராகச் சுமக்கும் கத்தியை வாங்குகிறவன், ஆப்பிள் நறுக்கவா வாங்குகிறான்?

பிள்ளைக்கு முதல் கத்தி வாங்கப்போகும் பெற்றோரே, விலையைப் பார்க்கும் முன் பெட்டியின் மேலுள்ள பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.