வியாபாரம் படுத்தால் வேலை ஏன் போகிறது?

வியாபாரம் படுத்தால் நிறுவனம் ஆட்களைக் குறைக்கும். இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால், பொருளியலின் ஏற்ற இறக்கத்தை விளக்க கிட்லண்ட், பிரெஸ்காட் என்ற நிபுணர்கள் 1982ல் அமைத்த பேர்பெற்ற கணித மாதிரியில் வேலையில்லாதவர் என்று ஒருவரே கிடையாது. மந்தக் காலத்தில் மக்கள் தாமாகவே குறைந்த நேரம் உழைக்கிறார்களாம்! இருவரும் 2004ல் நோபெல் பரிசு பெற்றார்கள்.

2010ல் அதே பரிசை வென்ற டயமண்ட், மார்ட்டென்சன், பிசாரிடிஸ் ஆகிய மூவரின் பார்வை வேறு. வேலைக்கு ஆள் பிடிப்பது ஏறக்குறைய வரன் தேடுவது மாதிரி. விளம்பரம், நேர்முகத் தேர்வு, பயிற்சி என்று முதலாளிக்குச் செலவு. வேலை தேடுபவருக்கோ காத்திருப்பு. போட்ட செலவு திரும்பாது என்று தோன்றினால் முதலாளி தேடுவதையே நிறுத்திவிடுவார். ஆகவே, வேலை இழந்தவர் மட்டுமல்ல, படிப்பை முடித்துவிட்டு வரும் இளையரும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

இந்த மாதிரியிலும் ஓர் ஓட்டை இருப்பதை ராபர்ட் ஷைமர் 2005ல் காட்டினார். லாபம் இறங்கும்போது சம்பளமும் கூடவே இறங்கிவிட்டால், வேலையின்மை நிஜத்தில் ஏறுகிற அளவுக்குக் கணக்கில் ஏறுவதில்லை. சம்பளம் லேசில் இறங்காது என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு நிஜத்தை நெருங்கும்.

சிங்கப்பூருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1985ல் பொருளியல் சுருங்கியது. மறு ஆண்டு, முதலாளி செலுத்தும் மத்திய சேம நிதிச் சந்தா 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாக வெட்டப்பட்டது. 1,000 வெள்ளி சம்பளக்காரருக்கு நிறுவனம் செலவிட்ட 1,250 வெள்ளி 1,100 ஆனது. அதாவது 12 விழுக்காடு மிச்சம். சம்பளம் அப்படியே இருந்தது. முதுமைக்கான சேமிப்பில்தான் மாதம் 150 வெள்ளி குறைந்தது. நிறுவனத்தின் கணக்கில் அது செலவுக் குறைப்பு, ஊழியரின் வீட்டிலோ இழப்பு.

2009 மந்தத்தில் வழி மாறியது. 'ஜாப்ஸ் கிரெடிட்' திட்டத்தின்கீழ், உள்ளூர் ஊழியர் ஒவ்வொருவரின் மாதச் சம்பளத்தில் முதல் 2,500 வெள்ளிக்கு 12 விழுக்காட்டை அரசாங்கமே நிறுவனங்களுக்குக் கொடுத்தது. அதே 12 விழுக்காடுதான். ஆனால் இம்முறை கைவைத்தது ஊழியரின் சேமிப்பில் அல்ல, நாட்டின் பழைய கையிருப்பில். அதிபர் எஸ்.ஆர். நாதன் ஒப்புதல் தந்தார். பழைய கையிருப்பைத் தொட்டது அதுவே முதல் தடவை. ஆட்குறைக்கும் எண்ணமே இல்லாத நிறுவனங்களுக்கும் அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது என்ற குறை உண்டு. யார் ஆளை நீக்க இருந்தார், யார் இல்லை என்று பிரித்துப் பார்த்துக் கொடுக்க நேரமும் இல்லை, வழியும் இல்லை.