திரை காத்திருக்குமா?

எழுத்து, ஒலி, படம், அசைபடம் ஆகியவற்றுள் சிலவற்றை ஒருசேர இணைத்துப் பாடப்பொருளை வழங்குவதே பல்லூடகக் கற்பித்தல் எனப்படுகிறது. இது பெருநகரத் தனியார் பள்ளிகளுக்கே உரியது என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட பிரம்மதேசம் வட்டாரத்துக்கு அது புதிதன்று. அதையடுத்த மரக்காணம் பகுதியிலுள்ள கந்தாடு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர், தம் நகைகளை விற்றுத் தொடுதிரைப் பலகை முதலியவற்றை வாங்கி, 3ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஃபோனிக்ஸ் எனப்படும் ஆங்கில எழுத்தொலிப் பயிற்சி அளித்த செய்தி 2017ஆம் ஆண்டிலேயே நாளிதழ்களில் வெளிவந்தது. அரசு ஏற்க வேண்டிய செலவு ஓர் ஆசிரியையின் நகைகள் மீது விழுந்ததைப் பாராட்டி மட்டும் கடந்துவிட இயலாது.

எழுத்தொலிப் பயிற்சிக்குத் திரை பொருந்துவதற்குக் காரணம் உண்டு. கனடா நாட்டு உளவியலாளர் ஆலன் பைவியோ 1971இல் விளக்கிய இரட்டைக் குறியாக்கக் கோட்பாட்டின்படி, மனம் சொல்லையும் உருவத்தையும் தனித்தனி வழிகளில் பதிந்துகொள்வதால், இரண்டு வழியாகவும் வந்து சேர்ந்த செய்தி எளிதில் நினைவுக்கு மீள்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டுவது பயன் தராது. படத்தை ஓடவிட்டு, அதற்கான விளக்கத்தைக் குரலில் சொல்லி, அதே வாசகத்தை எழுத்திலும் காட்டினால் கவனம் சிதறிக் கற்றல் குறையக்கூடும் என்பதை அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு மேயரின் சோதனைகள் காட்டின. படமும் குரலும் மட்டும் இருப்பதே பெரும்பாலும் மேல். பாடநூல் பக்கத்தை அப்படியே திரையில் ஏற்றி வரிவரியாக வாசிக்கும் காணொலிகள் சலிப்பூட்டுவதில் வியப்பில்லை.

கற்பவரே தம் வேகத்துக்கேற்ப நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் காணொலி நன்கு பதிகிறது என்பதும் மேயரின் முடிவுகளுள் ஒன்று. தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் 2018 முதல் அச்சிடப்பட்ட விரைவுக் குறியீடு, அதாவது கைப்பேசியால் படம்பிடித்தால் காணொலிக்கு இட்டுச்செல்லும் கட்டக்குறி, இந்த வசதியைத் தருகிறது. எனினும் வீட்டின் ஒரே கைப்பேசி பகலெல்லாம் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிட்டால் குறியீடு வெறும் அச்சாகவே நின்றுவிடும். 2019 ஆகஸ்டு 26 அன்று தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி, 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பின்னர்க் கைப்பேசி இல்லாத வீடுகளையும் எட்டியது. ஆனால் புரியாத இடத்தில் அது காத்திருக்கவில்லை.

பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தில் இவ்வாறு ஏற்பட்ட கற்றல் இடைவெளியைக் குறைக்கவே ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம், 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகேயுள்ள முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அவர்கள் வசிக்கும் இடத்திலேயே தன்னார்வலர்கள் மாலைநேரத்தில் கற்பிப்பது அதன் தொடக்க ஏற்பாடாக இருந்தது. திரைவழிக் கல்வியைக் கைவிட்டதாக இதைக் கொள்ளலாகாது. அத்திரை செய்ய முடியாத ஒரு வேலைக்கு ஆள் தேடியதாகவே கொள்ள வேண்டும்: காணொலி ‘ழ’கரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் ஒலித்துக் காட்டும்; ஆனால் பிள்ளை அதை ‘ள’கரமாக வாசிக்கும்போது கேட்டு, நிறுத்தி, நாவை எங்கே வளைக்க வேண்டும் என்று திருத்துபவர் அருகில் இருந்தாக வேண்டும்.