லாரி லோன் கிடைச்சாச்சு, டிரைவரோட மெடிக்கல் சர்ட்டிபிகேட் பார்த்தீங்களா?

சைடு இன்கம் பத்தி வீடியோ போட்டாலே கமெண்ட்ல ஒரு கேள்வி கண்டிப்பா வரும்: "சார், சம்பளத்தை வச்சு லோன் எடுத்து ஒரு லாரி வாங்கி டிரைவர் போட்டு ஓட்டலாமா?" இன்னொரு கூட்டம், "அப்பா லாரி ஓட்டுறார், வண்டி என் பேர்ல இருக்கு, ஐடிஆர்ல எப்படிக் காட்டணும்?"னு கேக்குறவங்க. ரெண்டு பேரும் இஎம்ஐ, டீசல், டோல் எல்லாம் எக்செல்ல பக்காவா போட்டு வச்சிருப்பாங்க. டிரைவரோட மருத்துவச் சான்றிதழ் பத்தி மட்டும் அதுல ஒரு வரி கூட இருக்காது.

அந்தச் சான்றிதழ் ஒரு சின்னப் படிவம்தான். படிவம் 1ஏன்னு பேர். ஆனா அது இல்லாம டிரைவரோட டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் புதுப்பிக்க முடியாது. லைசென்ஸ் செத்துப் போச்சுன்னா இன்சூரன்ஸ் கிளெய்ம் ஆட்டம் காணும். கிளெய்ம் போனா அந்த நஷ்டம் வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்க தலையில விழும். அதாவது உங்க தலையில.

சட்டம் என்ன கேக்குது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் படி, சரக்கு வண்டி மாதிரி டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு லைசென்ஸ் எடுக்கும்போதும் சரி, புதுப்பிக்கும்போதும் சரி, பதிவு பெற்ற மருத்துவர் கையெழுத்துப் போட்ட படிவம் 1ஏ கட்டாயம். சொந்தக் கார், பைக் ஓட்டுறவங்களுக்கு 40 வயசு வரைக்கும் "எனக்கு வலிப்பு, திடீர் மயக்கம் எதுவும் இல்லை"ங்கற மாதிரி நாமளே கையெழுத்துப் போடுற படிவம் 1 போதும். 40 தாண்டிட்டா புதுப்பிக்க நமக்கும் 1ஏதான்.

டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் முன்னாடி 3 வருஷத்துக்குத்தான் செல்லும். 2019 திருத்தத்துல அதை 5 வருஷமா மாத்தினாங்க. நாமக்கல் பக்கம் நிறைய ஓடுற கேஸ் டேங்கர் மாதிரி ஆபத்தான சரக்கு ஏத்துற வண்டின்னா 3 வருஷம், புதுப்பிக்கத் தனி நிபந்தனைகளும் உண்டு.

அதே 2019 திருத்தம் இன்னொரு காரியமும் பண்ணுச்சு. பல ஓனர்களுக்கு இது இன்னும் தெரியல. முன்னாடி லைசென்ஸ் காலாவதி ஆனாலும் 30 நாள் வரைக்கும் செல்லும்னு ஒரு சலுகை இருந்தது. அதை எடுத்துட்டாங்க. இப்போ தேதி முடிஞ்ச மறுநாளே லைசென்ஸ் இல்லாதவர்தான். முடிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள விண்ணப்பிச்சா டெஸ்ட் இல்லாமப் புதுப்பிச்சுக்கலாம், உண்மைதான். ஆனா அது புதுப்பிச்ச தேதியிலிருந்துதான் செல்லும், பின் தேதியிட்டுச் செல்லாது. நடுவுல விட்டுப்போன நாட்கள் விட்டுப்போனதுதான். ஒரு வருஷமும் தாண்டிட்டா மறுபடியும் ஓட்டிக் காட்டணும்.

கார்டுல ரெண்டு தேதி

டிரைவரோட ஸ்மார்ட் கார்டை வாங்கிப் பாருங்க. என்டி, டிஆர்னு ரெண்டு செல்லுபடி தேதி இருக்கும். என்டின்னா சொந்த உபயோக வண்டிகளுக்கு, டிஆர்னா டிரான்ஸ்போர்ட் வண்டிகளுக்கு. நம்ம ஆளுங்க பெரும்பாலும் தூரமா இருக்கற தேதியைப் பார்த்துட்டு "2035 வரைக்கும் இருக்குப்பா"ன்னு திருப்திப்பட்டுக்கிறாங்க. அது என்டி. லாரிக்கு வேண்டிய டிஆர் போன மாசமே முடிஞ்சிருக்கும். மருத்துவச் சான்றிதழுக்கு அலையணும்னுதான் பல டிரைவர்கள் இதைத் தள்ளிப் போடுறாங்க. மாசத்துல 25 நாள் ரோட்டுல இருக்கிற மனுஷனுக்கு டாக்டர்கிட்டயும் ஆர்டிஓ ஆபீசுக்கும் போக நாள் எங்க கிடைக்கும்? லீவு கொடுக்க வேண்டியது ஓனரான நீங்கதான்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிடறேன். 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்தோட ஐந்து நீதிபதிகள் அமர்வு, மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை சாதாரண எல்எம்வி லைசென்ஸ் வச்சே ஓட்டலாம், தனி டிரான்ஸ்போர்ட் ஒப்புதல் தேவையில்லைன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. டாடா ஏஸ், பொலேரோ பிக்கப் எல்லாம் இதுக்குள்ள வந்துடும். ஆபத்தான சரக்கு ஏத்துற வண்டிக்கு இது பொருந்தாது. பத்து சக்கர, பன்னிரண்டு சக்கர லாரிக்கும் பொருந்தாது. அங்க டிஆர் தேதிதான் எல்லாமே.

இப்போ பணக் கணக்கு

30 லட்சம் லோன், 10.5% வட்டி, 5 வருஷம்னு வச்சுக்கோங்க. மாச இஎம்ஐ சுமார் 64,500. வண்டி கவிழ்ந்து சேதம் ஆச்சு, அன்னிக்கு டிரைவரோட டிஆர் காலாவதி. பாலிசியிலேயே "ஓட்டுபவர் விபத்து நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும்"னு நிபந்தனை இருக்கு. அதைக் காட்டி வண்டிச் சேதக் கிளெய்மை மறுத்துட்டாங்கன்னா, வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்கும், வருமானமும் நிக்கும், இஎம்ஐ மட்டும் நிக்காது.

மூன்றாம் நபர் பாதிக்கப்பட்டா கணக்கு இன்னும் பெருசு. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பே கிடையாது. டிரைவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லைன்னா, இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல பாதிக்கப்பட்டவங்களுக்குக் கொடுத்துட்டு அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம்னு தீர்ப்பாயம் உத்தரவு போடுறது சகஜம். ஆனா 2004-ல ஸ்வரண் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு பாதுகாப்பும் கொடுத்திருக்கு. லைசென்ஸ் இல்லைன்னு மட்டும் காட்டினா பத்தாது, ஓனர் நியாயமான அக்கறை எடுத்துக்கலைன்னு கம்பெனி நிரூபிக்கணும். அதனால நீங்க அக்கறை எடுத்ததுக்கு அத்தாட்சி வேணும். வேலைக்குச் சேர்க்கும்போதே லைசென்ஸ் நகல், பரிவாகன் தளத்துல சரிபார்த்த ஸ்கிரீன்ஷாட், படிவம் 1ஏ நகல் மூணையும் தேதியோட ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவர்கிட்ட வண்டியைக் கொடுத்தா ஓனருக்கே 3 மாசம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம்னு சட்டத்துல இருக்கு. மேல சொன்ன தொகையோட ஒப்பிட்டா அந்த 5,000 ஒண்ணுமே இல்லை.

அப்பாவே ஓனர், அவரே டிரைவர்னா? ஓனர்-டிரைவருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கணும். குடும்பத்துக்கு அந்தப் பணம் ரொம்பத் தேவைப்படுற நேரத்துல, டிஆர் தேதி முடிஞ்ச ஒரு கார்டு குறுக்க நிக்கக் கூடாது.

படிவம் கேக்காத கேள்விகள்

இங்கதான் எனக்கு நம்ம சட்டத்து மேல வருத்தம். படிவம் 1ஏ கேக்குறது இவ்வளவுதான்: நல்ல பகல் வெளிச்சத்துல 25 மீட்டர் தூரத்துல நம்பர் பிளேட் தெரியுதா, சிவப்பு பச்சை பிரிச்சுப் பார்க்க முடியுதா, மாலைக்கண் இருக்கா, ஹாரன் சத்தம் கேக்குதா, ஓட்டுறதுக்கு இடைஞ்சலா கை கால்ல குறை இருக்கா. 2020-ல ஒரு தளர்வு வந்தது. லேசான, நடுத்தர அளவு நிறக்குருடு இருந்தா லைசென்ஸ் உண்டு, கடுமையானதுக்குத்தான் தடை.

சுகர் அளவு எவ்வளவு, பிபி எவ்வளவுன்னு எழுத அதுல கட்டமே இல்லை. அமெரிக்காவுல டிரக் டிரைவருக்குத் தேசியப் பதிவேட்டுல இருக்கற மருத்துவர்தான் சான்றிதழ் கொடுக்கணும். பிபி, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் கட்டாயம். சான்றிதழ் அதிகபட்சம் 24 மாசம்தான் செல்லும், பிபி அதிகமா இருந்தா இன்னும் குறைச்சலா கொடுப்பாங்க. இங்க 5 வருஷத்துக்கு ஒரு தடவை. அதுலயும் ஆளைப் பார்க்காமலே சீல் குத்திக் கொடுக்கிற இடம் தேடிப் போறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க. சுகர் மாத்திரை போட்டுட்டு, டெலிவரி அவசரத்துல சாப்பாட்டைத் தள்ளிப்போட்டா ஸ்டீயரிங் முன்னாடியே மயக்கம் வரலாம். சுகர் இருக்கறவங்க விழித்திரையை வருஷம் ஒருமுறை காட்டணும். இதையெல்லாம் ஆர்டிஓ கேக்கமாட்டாரேன்னு விட்டுடக் கூடாது, நாமதான் கேக்கணும்.

"டெஸ்ட்ல ஏதாவது வந்தா லைசென்ஸ் போயிடுமேடா"ன்னு அப்பா பயப்படுவார். கண்ணாடி போட்டுச் சரியாகிற பார்வைக் குறையைப் படிவமே ஏத்துக்குது. சுகர் இருக்குங்கறதாலயே லைசென்ஸ் ரத்துன்னு விதி கிடையாது. லைசென்ஸ் அதிகாரி நோயைக் காரணம் காட்டி மறுத்தாலோ ரத்து பண்ணினாலோ, உத்தரவு கிடைச்ச 30 நாளுக்குள்ள அப்பீல் போகலாம்.

செலவுக்கு ஒரு வரிச் செய்தி. பழைய வரிமுறையில இருந்தா, அப்பாவோட ஹெல்த் செக்கப் செலவை 80டி-ல 5,000 ரூபாய் வரைக்கும் கழிச்சுக்கலாம். ரொக்கமா கொடுத்தாலும் செல்லும், அவர் உங்களைச் சார்ந்து இருக்கணும்னு அவசியமில்லை. ஆனா இந்த 5,000 முழுக் குடும்பத்துக்கும் சேர்த்து, 80டி-யோட மொத்த வரம்புக்குள்ளதான் அடங்கும். புது வரிமுறையில இந்தக் கழிவு கிடையாது, இருந்தாலும் டெஸ்ட்டைத் தள்ளிப் போடாதீங்க.

காலாவதிக்கு ஒரு வருஷம் முன்னாடியிலிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். ரெண்டு மாசம் முன்னாடி போன்ல ஒரு ரிமைண்டர் வச்சுட்டு, அந்த வாரம் லோடு எடுக்காதீங்க. ஐடிஆர் கேள்வி கேட்டவங்களுக்கு: 44ஏஇ கணக்கு அடுத்த வீடியோல வருது, ஆர்சி புக்ல இருக்கற மொத்த எடையைப் பார்த்து வச்சுக்கோங்க.