பழைய தட்டில் புதிய தாளம்

மேனாட்டு இளைஞர் இசையைப் பற்றி நம் சங்க இதழில் எழுதுவானேன் என்று மூத்த அன்பர்கள் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். நம் வீட்டுப் பிள்ளைகள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்பது யாது என்பதைப் பெற்றோர் சிறிதேனும் அறிந்திருப்பது நன்று என்பதே நாம் கூறும் முதல் விடை. இரண்டாவது விடை அதனினும் முக்கியமானது. இங்கு நாம் எழுதப் புகுவது பாட்டின் நயத்தை மட்டும் பற்றியதன்று. உழைத்தவனுடைய உழைப்பு, அவன் போன பின்னும் அவனுடையதாகவே நிலைக்குமா என்னும் கேள்வியைப் பற்றியது. பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்து, பிறர் பெயரில் நடக்கும் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பாடுபடும் நமக்கு இஃது அயலான கேள்வி அன்று.

தட்டு பிறந்த வரலாறு

இங்கிலாந்து நாட்டின் பர்மிங்ஹாம் நகரில், தொழிலாளர் குடும்பம் ஒன்றில் 1948-ஆம் ஆண்டு பிறந்தவர் ஓஸி ஆஸ்போர்ன். 'பிளாக் சப்பாத்' என்னும் குழுவின் பாடகராக உலகப் புகழ் பெற்றார். மின்கிதாரின் முழக்கமும், டிரம்மின் இடியோசையும், உச்சக் குரலும் கூடிய அவ்விசையை ஹார்டு ராக் என்றும், அதனினும் கடுமையானதை ஹெவி மெட்டல் என்றும் அழைப்பர். குடியும் பிற பழக்கங்களும் மிகுந்தமையால் 1979-ஆம் ஆண்டு அவரை அக்குழுவினர் விலக்கினர். இனி அவர் தலையெடுக்க மாட்டார் என்றே பலரும் எண்ணினர்.

அந்நிலையில் அவருக்குத் துணையாக மூவர் வந்தனர். முதல்வர் ராண்டி ரோட்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர். கலிபோர்னியாவில் இசைப்பள்ளி நடத்திவந்த தாயின் மகன். தாமும் அப்பள்ளியில் கிதார் கற்பித்தவர். இரண்டாமவர் பாப் டெய்ஸ்லி, ஆஸ்திரேலியர், பேஸ் கிதார் வாசிப்பவர், பாட்டுகளுக்குச் சொல் எழுதுவதிலும் வல்லவர். மூன்றாமவர் லீ கெர்ஸ்லேக். 'யூரையா ஹீப்' என்னும் குழுவில் டிரம் வாசித்துப் பெயர் பெற்ற ஆங்கிலேயர். இவர்கள் 1980-ஆம் ஆண்டு, சர்ரே மாவட்டத்தில் நாட்டுப்புறத்தே அமைந்த ரிட்ஜ் ஃபார்ம் என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடி உழைத்தனர். டான் ஏரி என்பவர் விசைப்பலகை வாசித்து உதவினார். அவ்வாண்டு செப்டம்பரில் 'பிளிசர்ட் ஆஃப் ஓஸ்' என்னும் இசைத்தட்டு ஜெட் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது.

அத்தட்டில் ஒன்பது உருப்படிகள் இருந்தன. 'கிரேஸி டிரெயின்' என்ற பாட்டின் தொடக்கத்தில் வரும் கிதார்ச் சுரங்கள், கிதார் பழகும் சிறுவர்கள் உலகெங்கும் முயன்று பார்ப்பவை. 'டீ' என்னும் ஒரு சிறு உருப்படியோ முற்றிலும் வேறு வகையினது. ஆரவாரம் ஏதுமின்றி, ரோட்ஸ் தனியே கிதாரில் மென்மையாக வாசித்துத் தம் அன்னைக்குக் காணிக்கையாக்கியது அது. அமெரிக்காவில் மட்டும் இத்தட்டு நாற்பது இலட்சம் படிகளுக்கு மேல் விலைபோயிற்று. வீழ்ந்துவிட்டார் என்று கருதப்பட்ட பாடகர் மீண்டும் எழுந்து நின்றார்.

பிரிவும் வழக்கும்

இந்நால்வரும் சேர்ந்து 'டைரி ஆஃப் எ மேட்மேன்' என்னும் இரண்டாவது தட்டையும் பதிவு செய்தனர். ஆனால் 1981-ஆம் ஆண்டு அது வெளிவருமுன்னரே டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் குழுவினின்று நீக்கப்பட்டனர். அவர்கள் வாசித்திருந்தும், தட்டின் உறையில் அவர்களுக்குப் பின் வந்த வேறிருவரின் பெயர்களே அச்சாயின. பின்னும் ஒரு துயரம் நேர்ந்தது. 1982-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் நாள், ஃபுளோரிடா மாநிலத்து லீஸ்பர்க் என்னுமிடத்தில் ஒரு சிறு விமானம் விழுந்து நொறுங்கி, ரோட்ஸ் தமது இருபத்தைந்தாம் வயதில் மாண்டார். ஆஸ்போர்னுடன் அவர் கலைக்கூடத்தில் பதிவு செய்தவை இவ்விரு தட்டுகளே.

நீக்கப்பட்ட இருவரும் தம் பெயருக்காகவும் தமக்குரிய தொகைக்காகவும் நெடுநாள் போராடினர். 1980-களில் ஒரு வழக்கு அவர்களுக்கு ஓரளவு பயன் தந்தது. 1998-ஆம் ஆண்டு மீண்டும் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அது 2003-ஆம் ஆண்டு தள்ளுபடியாயிற்று. மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பே உறுதியாயிற்று. சட்டத்தின் கணக்கு அவ்வளவில் முடிந்தது. அவ்வழக்கின் நியாய அநியாயங்களை இங்கே எடைபோட நாம் முற்படவில்லை. நாம் கூற வருவது, வழக்கு நடந்துகொண்டிருந்த 2002-ஆம் ஆண்டில் நிகழ்ந்த செயலைப் பற்றியதே.

மறுபதிப்பில் நடந்தது

அவ்வாண்டில் இவ்விரு தட்டுகளும் குறுந்தகடுகளாக மறுபதிப்புச் செய்யப்பட்டன. உறை பழையதே, பாட்டும் பழையதே, பாடுபவர் குரலும் ரோட்ஸின் கிதாரும் பழையனவே. ஆயின் டெய்ஸ்லியின் பேஸும் கெர்ஸ்லேக்கின் டிரம்மும் அதில் இல்லை! அவற்றை அகற்றிவிட்டு, ராபர்ட் ட்ருஹியோ, மைக் போர்டின் என்னும் வேறு இருவரைக் கொண்டு புதிதாக வாசிக்கச் செய்து சேர்த்திருந்தனர்.

இது எங்ஙனம் இயன்றது என்று அன்பர்கள் வினவலாம். அந்நாளைய ஒலிப்பதிவில் அகலமான காந்த நாடாவில் பல தடங்கள் இருக்கும். குரலுக்கு ஒரு தடம், கிதாருக்குச் சில, டிரம்முக்குச் சில என்று ஒவ்வொன்றும் தனித்தனியே பதிவாகும். பின்னர் அவற்றை அளவறிந்து கலந்து ஒன்றாக்குவர். ஆதலின், மூல நாடா கையிலிருந்தால் ஒரு தடத்தை ஒலியடக்கிவிட்டு அவ்விடத்தில் வேறொன்றை வைத்தல் எளிது. பழைய பதிவின் தூசியை நீக்கித் தெளிவாக்குதல் ஒரு வகை. கலந்த அளவை மாற்றிக் கலத்தல் மற்றொரு வகை. மறுபதிப்புகளில் இவ்விரண்டும் வழக்கமே. ஆளையே மாற்றுதல் இவ்விரண்டிலும் அடங்காது.

அவ்விருவரின் நடத்தை முறையற்றதாக இருந்தமையால் அவர்களைத் தட்டிலிருந்து நீக்க ஆஸ்போர்ன் விரும்பினார் என்றும், அதனால் பழைய தட்டுக்குப் புத்தொலி கிடைத்தது என்றும் அவருடைய மனைவியும் நிர்வாகியுமான ஷேரன் அந்நாளில் விளக்கம் தந்தார். சில ஆண்டுகள் கழித்துத் தம் வரலாற்றை எழுதிய ஆஸ்போர்னோ, அம்மாற்றத்தில் தமக்குப் பங்கில்லை என்று குறித்தார். எவர் முடிவாயினும், கடைக்குச் சென்று தட்டு வாங்கியவர் பெற்றது வேறொரு பண்டமே.

கேட்டவர்கள் கூறியவை

இனி இரசிகர்களின் கருத்துகளைக் காண்போம். அவை ஒரே தன்மையின அல்ல.

ஒரு சாரார், இதனால் பெரிய கேடு ஒன்றுமில்லை என்றனர். பாட்டின் உயிர் குரலிலும் கிதாரிலும் உள்ளது. அவை இரண்டும் மாறவில்லை. பின்னணியில் தாளம் போடுபவர் யாராயின் என்ன என்பது அவர்கள் வாதம். புதிய வாசிப்பாளர் இருவரும் கைதேர்ந்தவர் என்பதையும் எடுத்துக்காட்டினர். அதில் பொய்யில்லை. ட்ருஹியோ மறு ஆண்டே 'மெட்டாலிகா' என்னும் பெருங்குழுவில் சேர்க்கப்பட்டார். போர்டின் 'ஃபெய்த் நோ மோர்' குழுவின் டிரம் வாசிப்பாளர். 2002-ஆம் ஆண்டுப் பதிப்பையே முதன்முதல் கேட்டுப் பழகிய இளைஞருக்கு அதுவே இயல்பான ஒலியாகத் தோன்றியதில் வியப்புமில்லை.

மற்றொரு சாரார் செவியாலேயே மறுத்தனர். டெய்ஸ்லி பேஸைச் சும்மா சுருதிக்காக மீட்டியவர் அல்லர். கிதாருக்கு அடியில் தனியொரு மெட்டாகவே அதனை நடத்திச் சென்றவர். அந்த நடை மாறியவுடன், இருபது ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய காது அதனைக் கண்டுகொண்டது. டிரம்மின் ஒலியும் 1980-க்கு உரியதாக இல்லாமல் புதுக்காலத்துப் பாணியில் இருந்தது. இவர்கள் கூறிய காரணங்களுள் நம் நெஞ்சைத் தொட்டது ஒன்று உண்டு. ரோட்ஸ் வாசித்தபோது அவர் எதிரே இருந்தவர்கள் டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும். அவர்கள் கொடுத்த தாளத்துக்கு இவர் விடை சொன்னார். இவர் விரைந்த இடத்தில் அவர்களும் விரைந்தனர். புதியவர்களோ இறந்துபோன ஒருவரின் கிதாருக்கு இருபது ஆண்டு கழித்துத் தாளமிட்டவர்கள். அவர்கள் அவரைக் கேட்டனர். அவர் இவர்களைக் கேட்கவில்லை. பாடகர் கச்சேரியின் பழைய பதிவு ஒன்றில் மிருதங்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, இன்றைய வித்துவானின் வாசிப்பைச் சேர்த்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அன்பர்களுக்கு இது விளங்கும்.

மூன்றாவது சாரார் இசையைவிட நேர்மையைப் பேசினர். புதிதாக வாசித்துப் புதிய பெயரில் வெளியிட்டிருந்தால் எவரும் குறை கூறார். பழைய பெயரும் பழைய உறையும் இட்டுவிட்டு உள்ளே மாற்றியது வாங்குவோரை மயக்குவதாகும் என்றனர். இக்கண்டனம் வலுத்த பின்னர், வாசிப்பாளர் மாறியதை அறிவிக்கும் ஒட்டுச்சீட்டு ஒன்று உறையில் ஒட்டப்பட்டது. அதற்குமேல் ஒரு குறையும் இருந்தது. புதிய பதிப்பு வந்ததும் பழைய பதிப்பு விற்பனையினின்று மறைந்தது. மூலத்தைக் கேட்க விரும்பியோர் 2002-க்கு முன் வெளிவந்த தட்டுகளைப் பழைய கடைகளில் தேடி அலைந்தனர்.

பதிவேட்டில் சுரண்டலாகாது

நாம் இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிவோர். பதிவேட்டில் பிழை நேர்ந்தால் அதனைச் சுரண்டி அழித்தல் கூடாது என்பது நாம் முதலில் கற்ற விதி. தவறான எண்ணின்மீது ஒரு கோடு கிழித்து, அது படிக்கும்படியே இருக்க, மேலே சரியான எண்ணை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். முன்னர் என்ன எழுதப்பட்டது, யார் எப்போது மாற்றினார் என்பது பின்வருவோர்க்குத் தெரிய வேண்டும் என்பதே அதன் கருத்து. இசைத்தட்டும் ஒருவகைப் பதிவேடே. குறித்த நாளில், குறித்த இடத்தில், குறித்த மனிதர்கள் கூடி இவ்வாறு வாசித்தனர் என்பதற்கு அது சான்று. அதன் ஒலியைத் தூய்மை செய்யலாம். புதிய கலவையையும் உடன் சேர்த்து வெளியிடலாம். எழுதியவன்மீது கொண்ட சினத்தால் எழுதியதைச் சுரண்டினால், அப்பதிவேடு சான்றாகும் தகுதியை இழக்கும்.

நம் நாட்டிலும் கேட்போர் குரலால் ஒரு கலைஞர் பெயர் வெளிப்பட்டதுண்டு. 1949-ஆம் ஆண்டு வந்த 'மஹல்' என்னும் இந்திப் படத்தின் பாட்டுத்தட்டில், பாடியவர் பெயராக அச்சாகியிருந்தது 'காமினி' என்னும் கதாபாத்திரத்தின் பெயர். பாடியது யார் என்று வானொலி நேயர்கள் கேட்டுத் துளைத்த பிறகே லதா மங்கேஷ்கரின் பெயர் அறிவிக்கப்பட்டது. கேட்பவன் வெறும் நுகர்வோன் அல்லன், சாட்சியும் ஆவான்.

மீண்டு வந்த தாளம்

ஆஸ்போர்ன் தட்டுகளின் செய்தியும் அவ்வாறே முடிந்தது. இரசிகர்களின் முணுமுணுப்பு ஒன்பது ஆண்டுகளாகியும் அடங்கவில்லை. 2011-ஆம் ஆண்டு, முப்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி இரு தட்டுகளும் மீண்டும் பதிப்பிக்கப்பட்டபோது, டெய்ஸ்லியின் பேஸும் கெர்ஸ்லேக்கின் டிரம்மும் தத்தம் இடத்தில் திரும்ப வைக்கப்பட்டன. நீதிமன்றத்தில் தோற்ற இருவரின் வாசிப்பு, கேட்டவர்களின் செவியில் வென்றது எனலாம்.

கெர்ஸ்லேக் பின்னாளில் புற்றுநோயால் நலிவுற்றார். தம் வாழ்வு குறுகிவிட்டதை அறிந்த அவர், அவ்விரு தட்டுகளின் விற்பனைச் சிறப்பைக் குறிக்கும் பிளாட்டினத் தட்டுகள் தம் வீட்டுச் சுவரில் தொங்க வேண்டும் என்று ஆஸ்போர்ன் குடும்பத்தாருக்கு எழுதிக் கேட்டார். 2019-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவை அவரை வந்தடைந்தன. அடுத்த ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் அவர் காலமானார். பணத்தைப் பற்றிய பேச்சு ஓய்ந்த பின்னும், 'இது நான் செய்த வேலை' என்று காட்ட ஓர் அடையாளத்தை மனிதன் நாடுகிறான் அன்றோ!

ஆஸ்போர்னும் இன்று இல்லை. 2025-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் தாம் பிறந்த பர்மிங்ஹாமில் இறுதி நிகழ்ச்சி நடத்தி, அம்மாதம் 22-ஆம் நாள் மறைந்தார். அந்நிகழ்ச்சியில் தனித்துப் பாடிய பகுதியில் அவர் பாடிய ஐந்து பாட்டுகளுள் நான்கு, நால்வர் கூடி 1980-இல் ஆக்கிய அத்தட்டில் உள்ளவையே.

இத்தட்டை வாங்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். பழைய குறுந்தகடு கிடைத்தால் உறையின் பின்புறத்தில் ஆண்டைப் பாருங்கள். 2002 என்று இருந்தால் அது மாற்றப்பட்ட பதிப்பு. 2011-ஆம் ஆண்டுப் பதிப்பில் மூல வாசிப்பு உண்டு. இயன்றால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, வேறுபாட்டை உங்கள் செவியாலேயே அறியுங்கள். பெற்றோரும் ஒருமுறை உடனிருந்து, 'டீ' என்னும் அச்சிறு உருப்படியையேனும் கேட்கலாம். டிரம்மும் பேஸும் இல்லாமையால் 2002-ஆம் ஆண்டில் எவரும் தொடாது விட்டது அது. மகன் தாய்க்கு வாசித்தது. அவன் வாசித்தபடியே இருக்கிறது.