சிக்ஸர் அடித்த கர்னல்

பேஸ்பால் என்பது அமெரிக்க மக்கள் பெரிதும் போற்றும் பந்தாட்டம். அதில் பந்தை மைதானத்தின் வேலிக்கு அப்பால் அடித்து அனுப்பும் ஆட்டக்காரருக்குத் தனி மதிப்பு உண்டு. அவ்வாறு அடிக்கப்படும் அடியை ‘ஹோம் ரன்’ என்பர். 1927ஆம் ஆண்டில் பேப் ரூத் என்னும் வீரர் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன்கள் அடித்து அந்நாட்டினரை வியப்பில் ஆழ்த்தினார். அதற்குச் சில மாதங்கள் முன்னதாக, நமது பம்பாய் நகரில், ஓர் இந்தியர் தம் கிரிக்கெட் மட்டையால் அதனையொத்த வியப்பை விளைவித்தார். அவரே கர்னல் சி. கே. நாயுடு.

மாட்டுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ மின்சார ரயிலில் ஏறி, சத்ரபதி சிவாஜி மகாராஜ் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் ஆசாத் மைதானத்தை அடையலாம். அதன் தென்கோடியில் 1875இல் தோன்றிய பம்பாய் ஜிம்கானா உள்ளது. இன்று அவ்வழியே அலுவலகம் செல்லும் நம்மவருள் பலர் அதனைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் அது ஐரோப்பியருக்கே உரிய சங்கமாக விளங்கியது. பந்தயம் ஆட இந்தியர் அம்மைதானத்தினுள் வரலாம். சங்கத்தின் உறுப்பினராதல் இயலாது. அந்நிலையை மனத்திற்கொண்டால்தான் அங்கு நிகழ்ந்ததன் அருமை விளங்கும்.

1926ஆம் ஆண்டில் ஆர்தர் கில்லிகன் தலைமையில் எம்.சி.சி. என்னும் ஆங்கிலக் குழு இந்தியாவுக்கு வந்தது. ஜிம்கானா மைதானத்தில் இந்துக்கள் அணியை எதிர்த்து ஆடிய அக்குழு 363 ஓட்டங்கள் எடுத்தது. கை எர்ல் என்பவர் மட்டும் பந்துகளை விளாசி 130 ஓட்டங்கள் சேர்த்தார். மறுநாள், டிசம்பர் 1ஆம் தேதி, நாயுடு ஆட வந்தார். இரண்டு மணி நேரத்திற்கும் குறைந்த பொழுதில் அவர் எடுத்த ஓட்டங்கள் 153. அவற்றுள் சிக்ஸர்கள் மட்டும் 11. ஒரு பந்து சங்கக் கட்டடத்தின் கூரைமீதே சென்று விழுந்தது. செய்தி நகரில் பரவப் பரவ, மக்கள் வேலையை விட்டு மைதானத்தை நோக்கி ஓடிவந்தனர் என்று சொல்லுவர். உறுப்பினராக நுழைய முடியாத கட்டடத்தின் உச்சியில் ஓர் இந்தியர் அடித்த பந்து விழுந்ததைக் கண்ட உள்ளங்கள் எவ்வாறு பூரித்திருக்கும்! ஆங்கிலக் குழுவினரும் பெருந்தன்மையுடன் அவருக்கு ஒரு வெள்ளி மட்டையைப் பரிசாக அளித்தனர்.

சிக்ஸர் அடிப்பது வெறும் தோள்வலிமையின் செயல் என்று கருதுவோர் உளர். அது முற்றிலும் சரியன்று. வேகமாக வீசப்பட்ட பந்து ஆட்டக்காரரை அடைய ஏறத்தாழ அரை விநாடியே ஆகும். அதற்குள் பந்து விழும் இடத்தைக் கண் கணிக்க வேண்டும். அவ்விடத்திற்குக் கால் நகர வேண்டும். உயர்த்திய மட்டை தன் தடித்த பாகத்தால் பந்தைச் சந்திக்க வேண்டும். மட்டையின் ஓரத்திலோ நுனியிலோ பட்டால் பந்து மேலே எழும்பி எதிரணியினர் கையில் விழும். பேஸ்பாலில் ஒருமுறை தவறியவருக்கு அதே பந்தயத்தில் மீண்டும் வாய்ப்பு வருவது வழக்கம். கிரிக்கெட்டில் தவறியவர் அந்த இன்னிங்ஸ் முழுவதும் வெளியே அமர்ந்திருக்க வேண்டியதே. ஆகவேதான் பந்தைத் தரையோடு அடிக்குமாறு அக்கால ஆசான்கள் வற்புறுத்தினர். நாயுடுவோ ஆறடிக்கு மேற்பட்ட உயரமும், நீண்ட கைகளும், கூரிய கண்ணும் உடையவர். எப்பந்தை உயர்த்தலாம், எப்பந்தை அடக்கலாம் என்னும் தேர்ச்சியே அவ்வுடல் வலிமையைப் பயனுள்ளதாக்கிற்று.

கொட்டாரி கனகய்ய நாயுடு 1895 அக்டோபர் 31ஆம் நாள் நாகபுரியில் பிறந்தார். 1916இல் பம்பாயில் நடைபெற்ற நாற்கட்சிப் பந்தயத்தில் ஐரோப்பியரை எதிர்த்து முதன்முதலாக ஆடினார். அப்பந்தயத்தில் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் எனச் சமூகவாரியாகவே அணிகள் பிரிந்திருந்தன. அப்பிரிவினை நமக்குப் பெருமை தருவதன்று. நாளடைவில் அது பலத்த கண்டனத்திற்கு உள்ளாகி, 1946இல் முடிவுற்றது. நாடு முழுவதற்குமாக ஓர் அணி அமைவதற்கான முயற்சி 1926க்குப் பின்னரே வலுப்பெற்றது. கில்லிகன் தந்த ஊக்கமும் சேர, 1928 டிசம்பரில் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் தோன்றியது.

1932 ஜூன் 25ஆம் நாள் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடத் தொடங்கியது. சுற்றுப்பயணக் குழுவின் தலைவராகச் சென்ற போர்பந்தர் மகாராஜா, ஆட்டத்தில் தமது எல்லையை உணர்ந்து ஒதுங்கிக்கொள்ள, தலைமை நாயுடுவிடம் வந்தது. இந்தியா 158 ஓட்டங்களில் தோற்றது. எனினும் முதல் இன்னிங்ஸில் நம்மவருள் மிகுதியாக 40 ஓட்டங்கள் எடுத்தவர் அவரே. அடுத்த ஆண்டு, விஸ்டன் என்னும் புகழ்பெற்ற கிரிக்கெட் ஆண்டு மலர் அவரைச் சிறந்த ஆட்டக்காரர் ஐவருள் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. 1933 டிசம்பரில் இந்திய மண்ணில் நிகழ்ந்த முதல் டெஸ்ட் பந்தயமும் அதே பம்பாய் ஜிம்கானா மைதானத்தில், நாயுடுவின் தலைமையிலேயே நடைபெற்றது.

ஆயினும் 1936இல் இங்கிலாந்து சென்ற அணிக்குத் தலைமை விஜயநகரம் மகாராஜகுமாரருக்கு அளிக்கப்பட்டது. ஆட்டத்திறன் ஒருபுறமும் அரச செல்வாக்கு ஒருபுறமுமாக நின்ற காலம் அது. மனத்தாங்கல்கள் நிறைந்த அப்பயணத்தின் இறுதி டெஸ்ட் பந்தயத்தில் நாயுடு 81 ஓட்டங்கள் எடுத்தார். அவருடைய 7 டெஸ்ட் பந்தயங்களில் அதுவே அதிக எண்ணிக்கை. அதுவே கடைசிப் பந்தயமும் ஆயிற்று. அப்போது அவருக்கு வயது 40.

அக்காலத்தில் கிரிக்கெட் ஆடிப் பிழைப்பது நம் நாட்டில் எளிதன்று. நாயுடுவுக்கு ஆதரவளித்தது இந்தூர் ஹோல்கர் சமஸ்தானம். அதன் படையில் பதவி வகித்ததனாலேயே ‘கர்னல்’ என்னும் பட்டம் அவர் பெயரோடு இணைந்தது. நாற்பதைக் கடந்தவர் ஓய்வு பெறுவார் என எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். ஹோல்கர் அணி நான்கு முறை ரஞ்சிக் கோப்பையை வென்றது. 1951–52 பருவத்தின் இறுதிப் பந்தயத்தில் பம்பாய் வீரர் தத்து பட்கர் வீசிய பந்து அவர் முகத்தைத் தாக்கி இரண்டு பற்களை உடைத்தது. தலைக்கவசம் இல்லாத காலம், வயதோ 56. அவர் வெளியேற மறுத்துத் தொடர்ந்து ஆடினார். அறுபதைக் கடந்த பின்னும், 1956–57 பருவத்தில், உத்தரப் பிரதேச அணிக்குத் தலைமை தாங்கினார். 1963–64 பருவத்தில், தமது 68ஆம் வயதில், ஒரு நிதியுதவிப் பந்தயத்தில் இறுதியாகக் களம் இறங்கினார். முதல்தர ஆட்டங்கள் 207, ஓட்டங்கள் 11,825, சதங்கள் 26, வீழ்த்திய விக்கெட்டுகள் 411 என்பது அவர்தம் கணக்கு. 1967 நவம்பர் 14ஆம் நாள் இந்தூரில் அவர் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற மரபு மும்பையில் தொடர்ந்தது. மாட்டுங்கா டான் பாஸ்கோ பள்ளியில் பயின்ற ரவி சாஸ்திரி, 1985 ஜனவரியில், வான்கடே மைதானத்தில் பரோடா அணியை எதிர்த்து ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர்கள் அடித்தார். அந்த இன்னிங்ஸில் அவர் அடித்த சிக்ஸர்கள் மொத்தம் 13.

தாராவியின் குறுகிய சந்துகளில் ஆடும் சிறுவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பந்து ஒரு வீட்டின் தகரக் கூரைமேல் விழுந்தால் அடித்தவர் ‘அவுட்’ என்பது அவர்கள் வகுத்த சட்டம். ஆகவே அச்சிறுவர்கள் முதலில் பயில்வது, வலிமையை அடக்கி ஆளும் பழக்கம். திறந்த மைதானம் கிடைக்கும் நாளில்தான் அவ்வலிமை வெளிப்படும். பதினொரு சிக்ஸர்கள் ஒரு பகற்பொழுதின் செயல். அவற்றை அடித்த கையை நாற்பத்தேழு ஆண்டுகள் மட்டை பிடிக்கத் தக்கதாகக் காத்தது அவரது ஒழுங்கும் உடற்பயிற்சியும் ஆகும். கூரைக்கு எட்டிய பந்தைப் போற்றும் நாம், அந்நீண்ட உழைப்பையும் உடன் போற்றுதல் வேண்டும்.