கேட்கிறது, புரியவில்லை

பட்டு என்றார்களா, தட்டு என்றார்களா, கட்டு என்றார்களா? இந்தக் குழப்பம் உங்களுக்கு அடிக்கடி வருகிறதென்றால் காதைச் சோதித்துக்கொள்ளும் நாள் வந்துவிட்டது. சத்தமே கேட்காமல் போனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவர்கள்தாம் அதிகம். ஆனால் சத்தம் குறைவதற்கு வெகு முன்பே தெளிவு போய்விடுகிறது.

உள்காதில் நத்தைக்கூடு போல ஒரு சுருள். அதற்குள் சுமார் பதினைந்தாயிரம் மயிர்ச்செல்கள். வாசல் பக்கம் இருப்பவை கீச்சென்ற உயர்ந்த சுருதியையும், உள்ளே போகப்போக இருப்பவை தாழ்ந்த சுருதியையும் பிடிக்கின்றன. ஆலை இரைச்சல் முதலில் அடிப்பது வாசல் பக்கத்தை, குறிப்பாக 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில் பலமாக ஒலிப்பவை, அவை தப்பிவிடும். க, ச, த, ப என்று வல்லினங்களைப் பிரித்துக்காட்டும் மெல்லிய ஓசைகளில் பெரும்பகுதி உயர்ந்த சுருதியில் வருவதால் அவைதாம் நழுவும். பேச்சு கேட்கும், சொல் பிடிபடாது. இதை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் மனைவி. "எனக்கு நல்லாக் கேட்குது, நீதான் முணுமுணுக்கிறே" என்ற பதிலும் அவருக்குத்தான்.

செத்த மயிர்ச்செல் கோழிக்கு மீண்டும் முளைக்கிறது. மனிதருக்கு முளைப்பதில்லை.

ஆக்லாந்தின் தென்கிழக்கில் இருக்கும் ஈஸ்ட் டாமாக்கிக்கு இந்தச் செய்தி கூடுதலாகப் பொருந்தும். டாமாக்கி ஆற்றை ஒட்டிய ஹைபுரூக் தொழிற்பேட்டை தொடங்கித் தொழிற்கூடங்களும் கிடங்குகளும் நிறைந்த பகுதி அது. அடுத்திருக்கும் ஃபிளாட் புஷ்ஷில் இந்தியக் குடும்பங்கள் நிறைய. நியூசிலாந்தின் 1995ஆம் ஆண்டு விதிகளின்படி, எட்டு மணி நேர வேலையில் தொழிலாளியின் காதில் விழும் இரைச்சல் சராசரி 85 டெசிபலைத் தாண்டக்கூடாது. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி இரட்டிப்பாகும்; எனவே 88 டெசிபல் என்றால் நான்கு மணி நேரம்தான், 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். இந்தியத் தொழிற்சாலை விதிகள் அனுமதிப்பது 90 டெசிபல். வெறும் ஐந்துதானே என்று தோன்றும். சக்திக் கணக்கில் அது மூன்று மடங்குக்கும் மேல்.

அளவுக்கருவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறதென்றால் அந்த இடம் காதுக்கு ஆகாத இடம்.

சோமனூரில் பத்து வருடம் விசைத்தறி ஓட்டிவிட்டு ஈஸ்ட் டாமாக்கியில் வேலைக்குச் சேரும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். வேலையிட இரைச்சலால் கேட்புத்திறன் போனால் நியூசிலாந்தின் விபத்து இழப்பீட்டுக் கழகமான ஏசிசி உதவும். ஆனால் அந்த இரைச்சலால் மட்டும் குறைந்தது ஆறு சதவீத இழப்பு ஏற்பட்டிருக்க வேண்டும். வயதால் வந்ததைக் கழித்துவிடுவார்கள், வெளிநாட்டு ஆலையில் போனதும் கணக்கில் சேராது. எது தறியில் போனது, எது இங்கே போனது என்று பின்னாளில் எப்படிப் பிரிப்பது? சேர்ந்த வாரமே எடுத்த ஆடியோகிராம், அதாவது கேட்புச் சோதனையின் பதிவு, கையில் இருந்தால் பிரிக்கலாம். காது நன்றாக இருக்கும்போதே எடுக்கவேண்டிய சோதனை இது என்று நான் சொல்வது அதனால்தான்.

இரவு ஷிப்ட் முடிந்த கையோடு மட்டும் போகாதீர்கள். இரைச்சலில் களைத்த காது தற்காலிகமாக மந்தமாகிவிடும், முடிவு தப்பாக வரும். பதினாறு மணி நேரமாவது அமைதியில் இருந்துவிட்டுப் போவது நல்லது. வேலை முடிந்து வந்தபின் காதில் "ஙொய்" என்ற ரீங்காரம் நெடுநேரம் நிற்கிறதா? அதுவும் சோதனைக்குப் போகச் சொல்லும் அறிகுறிதான்.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. நேற்றுவரை கேட்ட காது இன்று காலை திடீரென அடைத்துக்கொண்டது, அதுவும் ஒரு பக்கம் மட்டும் என்றால், அழுக்குதான் என்று எண்ணெய் விட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உள்காதின் திடீர் இழப்பாக இருக்கலாம். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையைச் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

சோதனையில் ஊசி இல்லை, வலி இல்லை. சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி உட்காரவைத்து, கையில் ஒரு பொத்தானைத் தருவார்கள். அரை மணி நேரத்தில் பொதுவாக முடிந்துவிடும். "பீப்" ஒலி எவ்வளவு மெலிதாகக் கேட்டாலும் அழுத்துங்கள், நிச்சயமாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.